செத்தவள் விருந்துக்கு வந்த கதை

"அண்ணா, நீங்க வாயத் தொறக்கப்படாது. இப்பவே சொல்லிப்போட்டேன்."

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சேலத்தில் ஒரு சினிமாக் கொட்டகையில், விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் என் தங்கை பாவாயி எனக்குப் போட்ட நிபந்தனை இது.

ஆயுசு முழுக்க கோர்ட்டில் வாயைத் திறந்து பிழைத்தவன் நான். எதிர்க்கட்சி வக்கீல்கள் என்னை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. ஜட்ஜுகள் மேஜையைத் தட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. பாவாயி ஒரே வார்த்தையில் சாதித்துவிட்டாள்... கம்மென்று உட்கார்ந்துவிட்டேன்.

வேறு என்ன செய்ய? அந்த நிபந்தனையைப் போட அவளுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். ரேஷன் சர்க்கரையில் மண் கலப்பதைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ராசிபுரத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார் — "வாரா வாரம் ஊரார் குற்றத்தையே எழுதுகிறீர்களே, உங்கள் பேரில் ஒன்றும் கிடையாதா?"

கிடக்கிறது ஐயா. ஒன்றே ஒன்றுதான். ஆனால் பெரியது.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பழைய சோக நாடகம் ஒன்றைப் பேசும் படமாக எடுத்திருக்கிறார்கள். காலேஜ் வாத்தியார்கள் சிலர் சேர்ந்து அதை எப்படியோ வரவழைத்து, ஒரே ஒரு காலைக் காட்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். கொட்டகையில் பாதி காலி. வந்தவர்களிலும் பாதிப்பேர் மின்சார விசிறிக்காக வந்தவர்கள் என்று நினைக்கிறேன்.

கதை சின்னது. ஒரு ராஜா, சபையில் எல்லார் முன்னிலையிலும் பக்கத்து ராஜாவுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான் — என் மகளை உனக்குத் தருகிறேன் என்று. அந்தப் பக்கத்து ராஜாவுக்கு ஏற்கெனவே ஒரு ராணி இருக்கிறாள், உயிரோடு. மகள் மாட்டேன் என்கிறாள். சபையில் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது என்கிறான் தகப்பன். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெரிய விருந்து. மறுநாள் விடிந்தால் மகள் விஷம் குடித்துக் கிடக்கிறாள். ராஜா கிரீடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அழுகிறான்.

அவ்வளவுதான். இதற்கா இரண்டு மணி நேரம் என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் இதற்கு ஓர் ஆயுசே ஆகிறதே!

பாவாயிக்குப் பிரெஞ்சும் தெரியாது, படத்துக்கு அடியில் ஓடிய இங்கிலீஷும் தெரியாது. அவளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் செல்லம்மாள். செல்லம்மாள் யார் என்றால்... பாவாயியின் புருஷனுக்கு மூத்த சம்சாரம். பாவாயி இரண்டாவது. புருஷன் போய்ச் சில வருஷம் ஆகிறது. மோகனூரில் அதே வீட்டில் இரண்டு பேருமாக இருக்கிறார்கள். பாவாயியின் மகள் சரஸ்வதியைப் பெண் பார்க்க இந்த வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அதற்குப் புடவை எடுக்கச் சேலம் வந்தவர்கள், ஜவுளிக்கடை திறக்கும் வரையில் உட்கார ஓர் இடம் வேண்டுமே என்று என்னோடு கொட்டகைக்கு வந்தார்கள்.

செல்லம்மாளுக்கு இந்தச் சில வருஷமாகக் காது மந்தம். ஆகவே எங்கள் மூவரில் பிரெஞ்சு பாஷையால் எந்த நஷ்டமும் இல்லாதவள் அவள்தான்.

விருந்துக் காட்சி வந்தது. நீளமான மேஜை, மெழுகுவத்திகள், சிரிக்கிற பிரபுக்கள். திடீரென்று பாவாயி என் முழங்கையில் இடித்தாள்.

"அவ கையப் பாருங்கண்ணா."

மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் காட்சி மாறிவிட்டது. நான் எப்போதும் அப்படித்தான்... பார்க்க வேண்டிய நேரத்தில் வேறு ஏதாவது செய்துகொண்டிருப்பேன்.

கடைசியில் அந்தப் பெண் செத்தாள். ராஜா கிரீடத்தை எறிந்தான். விளக்குப் போட்டார்கள். இரண்டு பெண்களும் செல்லம்மாளின் முந்தானையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பாவாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தடவ அவ எந்திரிக்கல பாத்தீங்களா?"

அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இதே கதையை இருபது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு தடவை பார்த்திருக்கிறோம். படங்கள் பேசாத காலம் அது. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். திரையில் உதடு மட்டும் அசையும். நடுநடுவே எழுத்து வரும். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் யார் இருந்தார்கள்? ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டு கதையை உரக்கச் சொல்லுவான். ராஜாவுக்கும் அவனே பேசுவான், ராணிக்கும் அவனே பேசுவான். குதிரை ஓடினால் நாக்கைச் சப்புக்கொட்டி அதற்கும் அவனே.

கமால் ராவுத்தர் என்று சேலத்துக்காரர் ஒருவர். நெய் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், படப் பைத்தியம் பிடித்து, ஒரு கூடாரமும் கையால் சுற்றுகிற மெஷினும் வாங்கி, இரட்டை மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நோம்பி, சந்தை, தேர் என்று எங்கே கூட்டமோ அங்கே அவர் கூடாரம். எங்கள் ஊர் நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் இருக்கிறது. மாரியம்மன் நோம்பிக்கு — திருவிழாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம் — அங்கே வந்து கூடாரம் அடித்தவர், நேரே என்னிடம் வந்தார்.

"வக்கீல் சார், பாண்டிச்சேரியில ஒரு பிரெஞ்சுப் படம் சல்லிசாக் கெடச்சுதுன்னு வாங்கிட்டேன். சண்டை இல்ல, பாம்பு இல்ல, குரங்கு இல்ல. எல்லாரும் கையத் தூக்கித் தூக்கி அழுவுறாங்க. எதுக்கு அழுவுறாங்கன்னு சொல்ல ஆளு வேணும். நம்ம கதை சொல்றவனுக்கு பிரெஞ்சு எழுத்தப் பாத்தாலே காய்ச்சல் வருது."

பேரைக் கேட்டேன். சொன்னார். நான் திருச்சியில் காலேஜில் படித்தபோது இங்கிலீஷில் பாடமாக வைத்திருந்த நாடகம்! பிரெஞ்சு எனக்கும் தெரியாது. ஆனால் கதை தெரியும். பாதி வசனம் மனப்பாடம்.

"படத்தைப் பார்க்கவே வேண்டாம் ராவுத்தரே. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்" என்றேன்.

பெருமைக்காகச் சொன்னது. பின்னால் அது அப்படியே பலித்தது.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு சங்கதி ஓடிக்கொண்டிருந்தது. அத்தை — அப்பாவின் ஒரே தங்கை — மோகனூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகனுக்குக் கல்யாணமாகி வெகுநாளாகியும் குழந்தை இல்லை. முதல் சம்சாரம் செல்லம்மாள் வீட்டில் இருக்கும்போதே, பாவாயியை இரண்டாவதாகக் கொடு என்று அத்தை கேட்டாள். உரிமைப்பட்ட இடம். சபையில் கண்ணீரோடு கேட்டாள். அப்பா தலையை ஆட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் சபையில் ஆட்டிய தலை எழுதிக் கொடுத்த பத்திரத்துக்கு மேல். பத்திரத்தையாவது என்னைப் போன்றவர்கள் உடைத்துவிடுவோம்.

பாவாயிக்கு அப்போது பதினேழு வயது. எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அம்மா போன பிறகு அவளுக்கு எது வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவாள். களத்தில் நிலக்கடலை காயப் போட்டுக்கொண்டே ஒருநாள் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க அய்யன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?" அய்யன் என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா.

"என்னன்னு சொல்றது?"

"அந்த அக்கா உசுரோட இருக்குது. அது ஊட்டுல போயி அது பாயில நான் எப்படிங்க படுக்கறது? அதச் சொல்லுங்க."

இதைவிடச் சுருக்கமாக, இதைவிடப் பலமாக ஒரு வாதத்தை நான் எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை. இதை எடுத்துப் பேச ஒரு வக்கீல் எதற்கு, வாய் இருந்தால் போதாதா? ஆனால் எனக்கு அப்பாவிடம் பயம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார். அந்தப் பார்வை மாட்டுச் சந்தையில் பேர்போனது. தரகன் மாட்டின் வயசைக் குறைத்து நாலு பல்லு என்பான், அப்பா ஒரு பார்வை பார்ப்பார், அவனே ஆறு என்று திருத்திக்கொள்வான்.

ஆகவே நான் ஒரு யோசனை சொன்னேன். கெட்டிக்காரத்தனமான யோசனை. கோழைகளுக்கு அப்படித்தான் தோன்றும்.

"நேராச் சொன்னா அய்யன் மொகத்துல அடிச்ச மாதிரி இருக்கும் பாவாயி. நோம்பிக்கு ஒரு படம் வருது..." என்று ஆரம்பித்து, நாடகத்தின் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் கடலையைத் தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கடசீல செத்தே போயிருவாளா?"

"ஆமா."

"அவ அய்யன்?"

"கிரீடத்தைக் கழட்டி எறிஞ்சிட்டு அழுவான்."

மறுபடி கடலையைத் தள்ள ஆரம்பித்தாள். "அத நம்ம அய்யன் பாக்கோணுங்கண்ணா. அத்தையும் பாக்கோணும். உள்ளபடிக்குச் சொல்லுங்க. கூட்டாதீங்க, கொறைக்காதீங்க."

"சத்தியமா" என்றேன்.

பேசாத படம் எனக்காகப் பேசட்டும் என்று விட்டேன், பார்த்தீர்களா? பேசத் தெரிந்தவன் நான். பேசத் தெரியாதது அது.

படம் போட வேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் ராவுத்தர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். என்ன கதை? முடிவில் என்ன? பெண் சாகிறாளா? எங்கள் ஊரில் நோம்பிக்கு முக்கிளைக் கம்பம் ஒன்றைக் கோயிலுக்கு முன்னால் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கி ஆற்றில் விடுகிற வரைக்கும் ஊர் முழுக்க விரதம். அந்த நாட்களில் சாவுப் பேச்சே கூடாது. கூத்து போட்டால்கூட மங்களமாகத்தான் முடிக்க வேண்டும். சாவில் முடிகிற படம் அம்மன் முன்னால் ஓடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"கூடாரத்தைப் பிரிச்சுக்கிட்டுப் போறதா வக்கீல் சார்? வண்டி மாட்டுக்குத் தீனிகூடச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு ரோசனை இருக்கு. நம்மகிட்ட மெஷின் ஒண்ணுதானே? ஒவ்வொரு டப்பாவா மாட்டி மாட்டித்தானே ஓட்டுறோம்? சாவு வர்ற கடைசி டப்பாவ முன்னாடி ஓட்டிடலாம். கலியாண விருந்து டப்பாவக் கடைசியில ஓட்டலாம். செத்தவ எந்திரிச்சு விருந்துக்கு வந்துடுவா. நடுவுல ஒரே ஒரு வார்த்தை நீங்க சொன்னாப் போதும்."

"ராவுத்தரே! சாவுதான் அந்தக் கதையே!"

"கதை உங்களுதா சார்? பிரெஞ்சுக்காரனுது. அவன் நம்ம நோம்பிக்கு வந்து கேக்கப் போறானா?"

ராவுத்தர் மேல் நான் பழியைப் போடப் போவதில்லை. அவர் வியாபாரி, அம்மனுக்குப் பயந்த ஊரில் கூடாரம் அடித்தவர். 'மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள்' என்று நான் சொல்லியிருந்தால் வேறொரு குரங்குப் படத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். நானும் அப்பாவிடம் நேராகப் பேச வேண்டி வந்திருக்கும்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன்?

அந்த வருஷம் தாலுகா போர்டு எலெக்‌ஷனுக்கு நின்றிருந்தேன். மோகனூர்ப் பக்கத்து ஓட்டு அத்தை வீட்டார் கையில் இருந்தது. அத்தை, எனக்கு மச்சானான அவள் மகன், அவர்களுடைய பங்காளிகள் எல்லாரும் நோம்பிக்கு வந்து கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேராக, இருக்கிற பெண்டாட்டி இருக்க இன்னொருத்தியைத் தேடுகிற ராஜாவைப் பற்றி எப்படிச் சொல்வது?

இவ்வளவு நாளாகப் பெரியவர்கள் தடுத்தார்கள், கம்பம் தடுத்தது என்று எனக்கு நானே சொல்லி வந்தேன். இல்லை. கம்பம் எனக்கு ஒரு சௌகரியம்.

கூடாரத்துக்குள் நுழைகிறேன். அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"சாமி, உங்கத்தையும் வந்திருக்கறா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லு."

அவர் இவ்வளவு பேசியதே அதிகம். மகன் சபையில் பேசப்போகிற பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

என் கறுப்புக் கோட்டோடு திரைக்குப் பக்கத்தில் நின்றேன். கோர்ட்டில் ஜட்ஜைப் பார்த்துப் பேசிய பழக்கம்... திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினேன். முக்கியமாக இரண்டு முகத்தை. ஒன்று அப்பா. இன்னொன்று எட்டத் தெரிந்த மச்சான், அதாவது மோகனூர் ஓட்டு.

ராஜா வாக்குக் கொடுத்தான். மகள் அழுதாள். அதுவரைக்கும் ஒழுங்காகச் சொன்னேன். சாவு டப்பா ஓடியது. துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் விம்முகிற சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டார்கள். மெஷின்காரர் விருந்து டப்பாவை மாட்டிக்கொண்டிருந்தார். ராவுத்தர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மகா ஜனங்களே, கண்ணீரைத் துடையுங்கள்! தகப்பன் கொடுத்த வாக்கைக் காக்கத் தவறினோமே என்று அந்தப் பெண்ணின் ஆவி அம்மன் சந்நிதியில் கதறியது. அம்மன் மனம் இரங்கி உயிரைத் திருப்பிக் கொடுத்தாள். இதோ, எழுந்து வருகிறாள்! தகப்பனார் காட்டிய மாப்பிள்ளையே என் பாக்கியம் என்று சொல்லி, மூத்த ராணியைக் கூடப்பிறந்தவளாகத் தழுவிக்கொண்டு, கல்யாண விருந்தில் சிரித்த முகத்தோடு வந்து உட்காருகிறாள், பாருங்கள்!"

பிரெஞ்சு ராஜகுமாரிக்கு எங்கள் ஊர் அம்மன் உயிர் கொடுத்தாள். ஒருவருக்காவது சந்தேகம் வரவேண்டுமே? சீழ்க்கை பறந்தது! நோம்பி மேளக்காரர்கள் எழுந்து மங்களம் வாசித்தார்கள். அத்தை எழுந்து நின்று கும்பிட்டாள். மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார். ராவுத்தர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா கைதட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.

அவரும் பாவாயியும் எங்கள் வண்டியில் வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. பாராட்டுகிறவர்கள் விடவில்லை என்று சொல்லலாம்... உண்மையில் அந்த வண்டியில் ஏறப் பயம்.

மறுநாள் காலை பாவாயி எனக்குக் கம்மஞ்சோறு கரைத்துக் கொடுத்தாள். "மோரு ஊத்தட்டுங்களா?" என்றாள். ஊற்று என்றேன். ஊற்றினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் கல்யாணம். சீர், மேளம், எல்லாம் குறைவில்லாமல் நடந்தது.

எலெக்‌ஷனும் நடந்தது. மோகனூர் ஓட்டு மொத்தமாக எதிராளிக்கு விழுந்தது. "படிச்ச மாப்ளைக்கு கோர்ட்டு இருக்குது, அவருக்கு எதுக்கு போர்டு?" என்று மச்சானே சொன்னாராம்.

பிறகு? பிறகு ஒன்றுமில்லை, அதுதான் விஷயம். யாரும் விஷம் குடிக்கவில்லை. யாரும் கிரீடத்தை எறியவில்லை. செல்லம்மாள் முதல் ஒரு வருஷம் பாவாயியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே ஆட்டுக்கல், பேச்சு மட்டும் கிடையாது. சரஸ்வதி பிறந்தாள். குழந்தையை மூத்தவள் மடியில் போட வேண்டும் என்று அத்தை உத்தரவு போட்டாள். போட்டார்கள். அதற்கப்புறம் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் சரஸ்வதி 'அம்மா' என்று கூப்பிடுவது செல்லம்மாளை. பெற்றவளை ஊரார் கூப்பிடுகிற மாதிரி 'பாவாயி' என்றுதான் கூப்பிடுவாள்.

ஒவ்வொரு தடவை மோகனூர் போய்த் திரும்பும்போதும், 'நல்லாத்தானே இருக்கிறாள்' என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இருபது வருஷம் நிம்மதியாகத் தூங்கலாம். நான் தூங்கியிருக்கிறேன்.

இப்போது நம் மாகாணத்தில் சட்டமே வந்துவிட்டது — ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று. அதை ஆதரித்து இதே பத்தியில் மூன்று வாரம் எழுதினேன். 'வக்கீலய்யாவின் நெஞ்சுரம்' என்று பாராட்டி நீங்கள் கடிதம் போட்டீர்கள். அந்தக் கடிதங்களை இப்போது வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

படம் விட்டதும் கடைவீதியில் ஒரு காபி கிளப்பில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இட்லி வந்தது. 'இந்தத் தடவ அவ எந்திரிக்கல' என்றாளே... அது உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டே விட்டேன்.

"பாவாயி, அன்னிக்கு நான் சொன்னது பொய்னு உனக்குத் தெரியும். நான் கதையை முன்கூட்டியே உன்கிட்டச் சொல்லியிருந்தேன். ஆனா அய்யனை நான் ஏமாத்திட்டேன். அவரு அந்தப் பொண்ணு எந்திரிச்சிட்டான்னே நம்பிட்டாரு. அதை நெனச்சா..."

பாவாயி சிரித்தாள். வாயில் இட்லியோடு சிரித்ததால் புரையேறியது. செல்லம்மாள் அவள் தலையில் தட்டினாள்.

"அய்யனையா? மாட்டுக்குப் பல்லு பாத்து வாங்கறவர நீங்க ஏமாத்திப்போட்டீங்களா? அண்ணா, அந்த விருந்துல அவ கையில என்ன இருந்துச்சு?"

"என்ன இருந்தது?"

"குப்பி! அந்த விசக்குப்பி! மேசைக்கு அடியில, மடியில மறச்சு வெச்சிருந்தா. நெறைய இருந்துச்சு. குடிச்சுச் செத்தவளுக்கு எந்திரிச்ச பொறவு எதுக்குங்க மறுபடியும் ஒரு குப்பி? மேல சிரிக்கறா, கீழ கையி நடுங்குது. அந்தக் கூடாரத்துல கண்ணு இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சுது. இன்னிக்குப் படத்துலயும் அப்படியேதான் வெச்சிருந்தா. அதுக்குத்தான் உங்கள இடிச்சேன்."

நான் காலேஜில் படித்த புத்தகத்தில் அந்த விருந்தில் குப்பி என்று ஒரு சொல் கிடையாது. நாடகம் எழுதியவன் வசனத்தை நம்பினான். படம் எடுத்தவன் அவள் கையை நம்பினான். நானோ இரண்டு பேரையும் பார்க்காமல் மச்சான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அய்யனும்...?"

"வண்டியில வாரப்ப கேட்டாரு. 'ஏங்கண்ணு, அந்தப் புள்ள எந்திரிக்கலதானே?'ன்னு. 'இல்லீங்க, குப்பி நெறைய இருந்துச்சு'ன்னேன். 'நானும் பாத்தேன்'னாரு. அப்பறம் ஊடு கிட்ட வந்தப்பத்தான் வாயத் தொறந்தாரு." பாவாயி டம்ளரைக் கீழே வைத்தாள். "'உங்கண்ணன் சபையில சத்தமாச் சொல்லுவான்னு பாத்தேன். தங்கச்சிகிட்டக் குடுத்த வார்த்தைய நானா எப்படித் திரும்பக் கேக்கறது? படிச்ச மகன் சபையில தப்புன்னு சொல்லிட்டான், இனி நான் என்ன பண்ணட்டும்னு சொல்லி, அதச் சாக்கா வெச்சு உட்டுரலாம்னு இருந்தேன். அவன் அவள எந்திரிக்க வெச்சுப்போட்டான். இனி எனக்கு வழியில்ல கண்ணு'ன்னாரு."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லு... உங்கத்தையும் வந்திருக்கிறாள்...

அவர் எனக்கு வக்காலத்தே கொடுத்திருக்கிறார். நான் எதிர்க்கட்சிக்கு ஆஜராகிவிட்டு வந்திருக்கிறேன்.

"ஏன் பாவாயி இத்தனை நாளா என்கிட்டச் சொல்லல?"

"மொதல்ல கோவத்துல சொல்லல. பொறவு நீங்க எலக்சன்ல தோத்து மூலையில உக்காந்திருந்தீங்க. அதுக்கு மேல இதயும் எதுக்குன்னு உட்டுட்டேன். அப்பறம் அய்யனும் போயிட்டாரு. சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

"நான் பண்ணது பெரிய பாவம்" என்றேன்.

"ஆமாங்க" என்றாள்.

இல்லை என்று சொல்லுவாள், 'அதெல்லாம் போகட்டும்ணா' என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை. உள்ளபடிக்குச் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

செல்லம்மாள் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், பொறுக்க முடியாமல் கேட்டாள். "என்னாங்கறாரு உங்கண்ணன்?"

பாவாயி அவள் காதருகே போய்க் கிளப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "ஒண்ணுமில்லீங்க்கா! அந்த நோம்பிப் படத்துக்கு இன்னிக்குத்தான் முடிவு சொல்றாரு!"

"அந்தப் புள்ள செத்துப்போச்சுங்கறாரா?"

"ஆமாங்க்கா!"

"அது எனக்கு அப்பவே தெரியுமே" என்றாள் செல்லம்மாள். அவளும் அன்றைக்கு அத்தை வீட்டாரோடு அந்தத் துணித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள்தான். தன் வீட்டுக்கு வரப்போகிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். எனக்கு அது போன ஞாயிற்றுக்கிழமை வரை தோன்றவே இல்லை. மூத்த ராணியைத் தழுவிக்கொண்டாள் என்று நான் முழங்கியபோது, மூத்த ராணி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கைகழுவிவிட்டு வந்ததும் பாவாயி புடவைக்கடைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னாள்.

"வெள்ளிக்கிழம நீங்க வந்துருங்கண்ணா. தாய்மாமன் நீங்க, சபையில உங்களத்தான் மொதல்ல கேப்பாங்க. கேட்டா ஒண்ணும் சொல்லாதீங்க. சரசுவக் கேளுங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவ சொல்லிக்குவா."

சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை மோகனூர் போகிறேன். மூக்குக்கண்ணாடியை முன்கூட்டியே துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதாக உத்தேசம்.